ஜெர்மனியை விசாரிக்கப் போன ஈஸ்வரபாண்டி

என் அக்காள் வீட்டுக்காரர் ஈஸ்வரபாண்டி எவரையும் நம்ப மாட்டார். உத்தமபாளையத்தில் நான் உரம், பூச்சி மருந்துக் கடை வைத்திருக்கிறேன். சொந்த மச்சினன் கடை என்றுகூடப் பார்க்காமல், மருந்து பாட்டிலின் மூடியை என் கண் முன்னாலேயே திருகி மோந்து பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போடுவார். "கோவிச்சுக்காத மாப்ள. ஒன்னைய நம்புறேன். ஒனக்கு அனுப்புன கம்பெனிக்காரனைத்தான் நம்பல" என்பார். கம்பெனிக்காரன் நேரில் வந்து நின்றால் அவனிடம் இதையே திருப்பிச் சொல்வார் என்பது எனக்குத் தெரியும்.

அனுமந்தன்பட்டியில் அவருக்குத் திராட்சைத் தோட்டம். வியாபாரி பந்தலுக்குள் குனிந்து நுழைந்து, "காய் பிரமாதமா இருக்குண்ணே" என்று ஆரம்பித்தால் தீர்ந்தது, அந்த ஆளுக்கு ஒரு கொத்துகூடக் கொடுக்க மாட்டார். "நிறம் பத்தல, புளிக்குது, கொத்து சிறுசா இருக்கு" என்று மூஞ்சியைச் சுளிக்கிறவனோடுதான் பேச்சே. குறை சொல்கிறவன் வாங்க வந்தவன், புகழ்கிறவன் ஏமாற்ற வந்தவன் என்பது அவர் கணக்கு. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கணக்கு அவரை ஏமாற்றியதாக எனக்கு நினைவில்லை.

இந்தக் குணத்தால் எங்கள் சொந்தபந்தத்தில் அவருக்கு ஒரு பதவி கிடைத்தது. யார் வீட்டில் பெண்ணுக்கோ பையனுக்கோ வரன் வந்தாலும், அந்த ஊருக்குப் போய்ச் சத்தமில்லாமல் விசாரித்து வருகிற வேலை மச்சானுடையது. முன்கூட்டிச் சொல்ல மாட்டார். கறவை மாடு பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு டீக்கடையில் உட்காருவார். பிறகு சலூன், பிறகு ரேஷன் கடை வரிசை, கடைசியாக அந்த வீட்டுத் தொழுவம். எங்கள் பெரியப்பா மகன் விஜயபாண்டி தன் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்ததைக் கண்டுபிடித்தவர் இவர்தான். என் மனைவி வீட்டையும் இவர்தான் விசாரித்தார். "பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி. மத்தபடி குத்தம் இல்ல, கட்டலாம்" என்று சபையில் சொன்னார். அதை என் மனைவி இன்றுவரை மறக்கவில்லை.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு ஒரே மகள் யுவராணி. பிளஸ் டூ முடித்துவிட்டு மதுரையில் விடுதியில் தங்கி ஒன்றரை வருடம் ஜெர்மன் மொழி படித்தாள். ஏதோ ஒரு பாஷை, படித்துவிட்டுப் போகட்டும் என்று மச்சான் விட்டுவிட்டார். பரீட்சையில் தேறி, கம்ப்யூட்டரில் ஏதோ நேர்காணலும் முடிந்ததும், ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் மூன்று வருட நர்சிங் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது என்று வந்து நின்றாள். இடம் கிடைத்ததைவிட அவள் அடுத்துச் சொன்னதில்தான் மச்சானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. படிக்கிற காலத்திலேயே மாதாமாதம் அவர்கள் சம்பளம் கொடுப்பார்களாம்.

என்னைக் கடையிலிருந்து போன் போட்டு வரவழைத்தார். "படிக்கப் போறவளுக்கு வாத்தியாரே காசு குடுப்பாகளாம். கேட்டியா மாப்ள இந்தக் கூத்தை?"

யுவராணி பொறுமையாகச் சொன்னாள். "அங்கன வயசானவுக ஜாஸ்திப்பா. பாத்துக்கிட ஆளு இல்ல. கொஞ்ச வாரம் க்ளாஸு, கொஞ்ச வாரம் வார்டுல வேலை. வேலை செய்யிறதுக்குத்தான் சம்பளம்."

"அந்த ஊருப் பிள்ளைக எல்லாம் எங்கன போச்சு?"

"அதுக இந்த வேலைக்கு வர மாட்டேங்குதுகப்பா."

"அவுக பெத்த பிள்ளைகளே வேணாம்னு ஓடுற வேலைக்கு எம்பிள்ளை எதுக்குப் போகணும்?"

நியாயமான கேள்விதான். அதோடு விட்டாரா? கம்ப்யூட்டரில் நேர்காணல் நடந்தபோது கேமராவுக்குப் பின்னால் நின்று பார்த்ததையும் சேர்த்துக்கொண்டார். "ரெண்டு வெள்ளக்காரப் பொம்பளைக கேள்வி கேட்டாக. ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே இருந்தாக மாப்ள. வேலைக்கு ஆள் எடுக்குறவுக சிரிப்பாகளா?" ஆண்டிபட்டிப் பக்கம் நர்ஸ் வேலை என்று வளைகுடாவுக்குக் கூட்டிப்போய்ப் பாத்திரம் தேய்க்க வைத்த ஒரு பெண்ணின் கதையையும் எடுத்தார். அந்தப் பெண்ணுக்கு இடம் பிடித்துக் கொடுத்தவனும் சிரித்துத்தான் பேசினானாம்.

என் அக்காள் சங்கிலியம்மாள், "ஒரேடியா இல்லன்னு சொல்லாதீக, பிள்ளை ஆசையாப் படிச்சிருக்கு" என்று சொல்லிப் பார்த்தாள். மச்சான் மோட்டுவளையைப் பார்த்தார்.

அப்போது யுவராணி பேசினாள். அழவில்லை. அவளுக்கு அப்பன் புத்தி அப்படியே உண்டு. "அப்பா, நீங்க வேணாம்னா நான் போகல. மீறிப் போற பிள்ளை நான் இல்ல. ஆனா விசாரிக்காம வேணாம்னு சொல்லக் கூடாது. ஊர்ல எல்லாப் பொண்ணுக்கும் போயி விசாரிச்சீகள்ல? எனக்கு விசாரிச்சுட்டுச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அவுகளுக்கு நான் பதில் சொல்லணும். சொல்லலைன்னா அடுத்த ஆளைக் கூப்புட்டுருவாக."

இதற்கு அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஆனால் ஜெர்மனி டீக்கடையில் போய் உட்கார முடியுமா? இரண்டு நாள் பந்தலுக்குள்ளேயே சுற்றினார். பிறகு அவருக்கு வழி கிடைத்தது. யுவராணியோடு மதுரையில் ஜெர்மன் படித்த ஜின்சி என்ற இடுக்கிப் பெண், போன வருடமே அதே ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள். அவள் அம்மா ஏலியம்மாவின் வீடு கம்பம்மெட்டுக்கு மேலே அணைக்கரையில் இருப்பதாக யுவராணி எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். "ஜெர்மனிக்குப் போக முடியாது. அணைக்கரைக்குப் போகலாம்ல?" என்றார் மச்சான். மகளிடம்கூடச் சொல்லாமல், ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்களோடு ஜீப்பில் இடித்துக்கொண்டு மலை ஏறினோம்.

அணைக்கரையில் செல்வின் என்பவர் டீக்கடை வைத்திருந்தார். டீயை வாங்கி வைத்துக்கொண்டு மச்சான் தன் வித்தையை ஆரம்பித்தார். "நாங்க கம்பம் பக்கம். கறவை மாடு பாக்க வந்தோம். ஏலியம்மான்னு ஒருத்தவுக வீட்டுல இருக்குன்னு சொன்னாக. மக ஜெர்மனியில இருக்காமே?"

செல்வின் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "ஏலியம்மா சேச்சி வீட்டிலா? மாடா?" என்று கேட்டுவிட்டு வழியைச் சொன்னார். நாங்கள் நான்கு எட்டு வைப்பதற்குள் போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போய்விட்டார்.

"பாத்தியா, தகவல் போகுது" என்றார் மச்சான். "ஒளிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லாத ஊர்ல எதுக்குடா தகவல் போகுது?"

ஏலியம்மா வீட்டில் தொழுவமே இல்லை. ஒரு சாணிக்கூடைகூட இல்லை. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே திரும்பியிருப்பார்கள். மச்சான் கொஞ்சமும் அசராமல், "மாட்டைக் குடுத்துட்டீகளோ?" என்று கேட்டார். ஏலியம்மாவும் அசரவில்லை. "போன வருஷமே கொடுத்தாச்சு. அதுக்கென்ன, உள்ளே வந்து இருங்கோ" என்றார். அச்சப்பம், குழலப்பம், நேந்திரங்காய் வறுவல், காப்பி என்று மேஜை நிறைந்தது. இல்லாத மாட்டைக் கேட்டு வந்தவனுக்கு இவ்வளவு உபசாரமா என்று எனக்கே உறுத்தியது. மச்சான் ஒரு அச்சப்பத்தை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தின்றார்.

சுவரில் வெள்ளைக் கோட்டில் ஜின்சியின் படம் இருந்தது. மச்சான் அதைக் காட்டி மெதுவாக ஆரம்பித்தார். "பாப்பாவுக்கு அங்கன வேலை எப்படி? ரொம்பச் சிரமமோ?"

"ஏய், சிரமமோ? ஒண்ணும் இல்லா. ரோகிகளைத் தொடவே வேண்டாம் கேட்டோ. எல்லாம் மெஷினு. மோளு கம்ப்யூட்டர்ல எழுதும், அவ்வளவுதான்."

"ராத்திரி டூட்டி?"

"ஒட்டும் இல்லா. ஒரு நாள்கூட இல்லா."

"தங்குறது எங்கன?"

"கன்னியாஸ்திரீமார் மடத்தில. ஆண்கள் ஆரும் அந்தப் பக்கம் வரமாட்டா. டாக்டர்மாரும் எல்லாம் பெண்ணுங்கதான்."

சாப்பாடு எப்படி என்று கேட்டதற்கு, தினமும் சோறும் மீன்கறியும் என்றார். மகள் பிரமாதமாகச் சமைப்பாளாம். அவளுக்குக் கோபமே வராதாம். கேட்காமலேயே மகளின் உயரத்தையும் சொன்னார். அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் குழப்பமாக இருந்தது. மச்சான் மட்டும் திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தார். "நோயாளியத் தொடாத நர்சுக்கு எந்த மடையன்டா சம்பளம் குடுப்பான்? ஒரு குறை சொன்னாகளா? ஒரு தலவலி, ஒரு குளிரு, ஒண்ணாவது சொன்னாகளா? இது எடமே இல்ல மாப்ள. மொத்தமும் மோசடி."

எனக்கும் அது நம்புகிற மாதிரி இல்லைதான். ஆனால் ஜீப்பில் இறங்கி வரும்போது இன்னொன்றைக் கவனித்தேன். மகளை ஒரு மோசடிக் கும்பல் வளைத்திருக்கிறது என்று கண்டுபிடித்த தகப்பன் கொதித்துப்போய் இருக்க வேண்டாமா? இவர் முகம் கழுவிவிட்ட மாதிரி தெளிவாக இருந்தது. பக்கத்தில் இருந்த தோட்டத்துப் பெண்களிடம் ஏலக்காய் விலை விசாரித்தார். கம்பத்தில் இறங்கியதும் மகளுக்குப் பிடிக்கும் என்று அல்வா வாங்கினார். ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட மனுஷன் மேலேயே எனக்கு அன்றைக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அல்வாவைக் கையில் கொடுத்துவிட்டு, "விசாரிச்சாச்சு ஆத்தா. சரியில்ல. வேணாம்" என்றார்.

யுவராணி அல்வாவைப் பிரிக்கவில்லை. "எங்கன விசாரிச்சீக?"

நான்தான் சொன்னேன். ஜின்சி வீடு என்றதும் அவள் முகம் மாறியது. "மாடு பாக்கவா போனீக? ஜின்சி வீட்டுல மாடே கெடையாதே மாமா!" ஏலியம்மா சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். நோயாளியைத் தொட வேண்டாம் என்ற இடத்தில் என்னை நிறுத்தி, திரும்பச் சொல்லச் சொன்னாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் மறுபடியும் எனக்கு அழைப்பு வந்தது. இந்தத் தடவை கூப்பிட்டது யுவராணி. நான் போனபோது கூடத்தில் செம்பு ஒன்றில் போனைச் சாய்த்து வைத்திருந்தாள். திரையில் ஈரத் தலையோடு ஜின்சி. மச்சானைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"அங்கிள், நீங்களா மாடு பாக்க வந்தது? தேனியில ஏலக்கா வியாபாரம் பண்ற ஒரு வீட்டுல எனக்குக் கல்யாணம் ஆலோசிக்கிறாங்க. அவங்கதான் ரகசியமா ஆள் அனுப்பியிருக்காங்கன்னு அம்மா நெனச்சுட்டாங்க. எங்க பக்கமும் பெண்ணை விசாரிக்க வர்றவங்க இப்படித்தான் எதையாவது வாங்க வந்த மாதிரி வருவாங்க. அதான் அம்மா எல்லாத்தையும் நல்லதா சொல்லியிருக்காங்க."

எத்தனையோ ஊர்களில் மாடு பார்த்தவர் பிடிபட்டது அதுதான் முதல் தடவை. நான் சிரித்துவிட்டேன். மச்சான் சிரிக்கவில்லை. போனுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். "அப்ப நெசம் என்னன்னு நீ சொல்லு ஆத்தா."

ஜின்சி சொன்னாள். முதலில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "காலையில ஆறு மணிக்கு வார்டுல நிக்கணும் அங்கிள். தொடாம எப்படி? குளிப்பாட்டணும், துடைக்கணும், கக்கூசுக்குத் தூக்கிட்டுப் போகணும். எனக்கு முதுகே போச்சு. மதுரையில படிச்ச ஜெர்மன் வேற, இந்த ஊர்க் கிழவங்க பேசுற ஜெர்மன் வேற. ஒரு அம்மச்சி என் கையைத் தட்டிவிட்டு, இவ வேண்டாம், வேற ஆளை அனுப்புன்னு கத்திச்சு. பாத்ரூம்ல போய்ப் பூட்டிக்கிட்டு அழுதேன்."

"இப்ப அந்தம்மா?"

"இப்ப என்னை மட்டும்தான் கூப்பிடும். அதுவும் தொந்தரவுதான்."

மச்சான் விடவில்லை. பாடம் நிஜமாகவே நடக்கிறதா என்றார். நடக்கிறது, ஒரு பரீட்சையில் தோற்றுப்போய் மறுபடி எழுதப்போகிறேன் என்றாள். சம்பளம் வருகிறதா என்றார். தவறாமல் வரும், வாடகை போகக் கையில் பெரிதாக ஒன்றும் நிற்காது என்றாள். சிரித்த அந்த இரண்டு பெண்களைப் பற்றிக் கேட்டார். ஒருத்தி தங்கம், இன்னொருத்தி சிடுமூஞ்சி என்றாள். ராத்திரி டூட்டி உண்டு. மடமும் கிடையாது, கன்னியாஸ்திரீயும் கிடையாது, மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு வீட்டில் இருக்கிறார்கள். பனிக்காலத்தில் சாயங்காலம் நான்கு மணிக்கே இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒரு கடைகூடத் திறக்காது. சொல்லச் சொல்ல அவள் குரலில் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது.

கடைசியில், "அங்கிள், நான் அழுததை மட்டும் அம்மாகிட்ட சொல்லிராதீங்க. நல்லா இருக்கேன்னுதான் எப்பவும் சொல்லியிருக்கேன்" என்றாள்.

"சொல்ல மாட்டேன் ஆத்தா" என்றார் மச்சான்.

அவ்வளவு குறைகளைக் கேட்டாயிற்று. அவர் கணக்குப்படி அது அசல் இடம்தான், இனிமேல் சொல்ல ஒன்றும் இல்லை. யுவராணி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவரோ எழுந்து, செருப்புக்கூடப் போடாமல் தோட்டத்துக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். கொடிகளைக் கவாத்து வெட்டி முடித்துப் பந்தல் மொட்டையாகக் கிடந்தது. உச்சி வெயில் முழுக்க அவர் தலையில் இறங்கியது.

"நெசமா இருக்கேடா மாப்ள" என்றார்.

"அதுக்குச் சந்தோஷப்படுங்க மச்சான்."

"என்னத்தச் சந்தோஷப்பட? பொய்யா இருக்கணும்னு கும்பிட்டுக்கிட்டேதான்டா நேத்து மலை ஏறுனேன். அந்த ஏலியம்மா பேசப் பேச எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. மோசடின்னா எம்பிள்ளை இங்கனயே இருப்பாள்ல. இப்ப நெசம்னு ஆயிருச்சு. போயிருவாளே."

அவர் அழுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் மேல் இருந்த எரிச்சலெல்லாம் எனக்குப் போய்விட்டது. மனசு கேட்காமல் ஒரு கெட்ட யோசனையும் சொன்னேன். "அப்ப வேணாம்னே சொல்லிருங்க. மீறிப் போக மாட்டேன்னு அவளே சொல்லியிருக்காள்ல?"

துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "ஊர்ல ஒருத்தன் பிள்ளைக்கும் பொய் விசாரணை சொன்னதில்லடா நான். எம்பிள்ளைக்குச் சொல்லவா?"

வீட்டுக்கு வந்தார். யுவராணி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். "எடம் நல்ல எடந்தான் ஆத்தா. கஷ்டம் இருக்கு. போ" என்றார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யுவராணி குதிக்கவில்லை. அவர் பக்கத்தில் வந்து, "வாரா வாரம் போன் பண்ணுவேம்ப்பா" என்றாள்.

"பண்ணுவ. பண்ணி, நல்லா இருக்கேன்னு சொல்லுவ. அந்த ஜின்சிப் பிள்ளை அவ ஆத்தாகிட்டச் சொல்ற மாதிரி."

அவள் இல்லை என்று சொல்லவில்லை.

யுவராணி போய்ச் சேர்ந்து முதல் பனிக்காலம் இது. போன ஞாயிற்றுக்கிழமை நான் அக்கா வீட்டில் இருந்தபோது அவள் அழைத்தாள். அறை நன்றாக இருக்கிறது, சாப்பாடு நன்றாக இருக்கிறது, எல்லோரும் பிரியமாக இருக்கிறார்கள் என்றாள். மூக்கு நுனி சிவந்திருந்தது. இமைகள் வீங்கியிருந்தன. அக்கா பதறிப்போய், "என்னடி கண்ணு இப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"குளிரும்மா. இங்கன ரொம்பக் குளிரு."

நான் மச்சானைப் பார்த்தேன். இப்போது குறுக்குக் கேள்விகள் வரும் என்று காத்திருந்தேன். அவர் போனைக் கையில் வாங்கி மகள் முகத்தைப் பார்த்தார்.

"குளிருன்னா அப்படித்தான் ஆத்தா இருக்கும்" என்றார். போனை வைத்த பிறகு என் பக்கம் திரும்பி, நான் ஒன்றும் கேட்காமலேயே, "குளிருதான் மாப்ள" என்றார்.